தட்டைக் கூரை வீட்டில் பால் காய்ச்சிய வெள்ளிக்கிழமை

"அம்மா, இப்ப எந்த வீட்டிலை?"

மகள் கோசிகா லெஸ்ரரிலிருந்து ரெலிபோன் எடுத்தால் முதற்கேள்வி இதுதான். சுகமோ, சாப்பிட்டாச்சோ என்பதெல்லாம் அதற்குப் பிறகு. யூனிவர்சிற்றிக்குப் போன இரண்டு வருடத்தில் லீவுக்கு வந்து அவள் படுத்த அறைகள் மூன்று. கேள்வியில் குத்தல் ஒன்றும் கிடையாது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்பாள்.

"வீல்ட்ஸ்ரோன் வீட்டிலைதான் பிள்ளை. இன்னும் ரெண்டு மாசம்."

"பேந்து?"

"அப்பா ஒண்டு பாத்திருக்கிறார்."

"ஓகே. அட்ரஸை மெசேஜ் பண்ணிவிடுங்கோ."

ரெலிபோனை வைத்துவிட்டுக் குமுதினி குளியலறைக்குப் போனாள். லைற் போடச் சுவரைத் தடவினாள். சுவர் வெறுமையாக இருந்தது. ஸ்விட்ச் மற்றப் பக்கம். கை தேடியது பார்க்கிங் என்ற ஊரில் முன்பு இருந்த வீட்டு ஸ்விட்சை. அந்த வீட்டைவிட்டு வந்து மூன்று வருடம். கைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து எட்டு வருடம், ஏழு வீடு. புருசன் ஜம்புநாதனுடைய தொழில் அது. பழைய வீடாகப் பார்த்து வாங்குவார். அதற்குள்ளேயே குடியிருந்துகொண்டு உடைப்பார், கட்டுவார், பூசுவார். கடைசி அறைக்குப் பெயின்ற் காயும்போது வாசலில் விற்பனைப் பலகை நிற்கும். குடியிருந்த வீட்டை விற்றால் வரி இல்லை என்று எவரோ சொன்ன நாளிலிருந்து இதுதான் வாழ்க்கை. எட்மண்டன் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் பின்சுவர் இல்லாமல் பிளாஸ்ரிக் சீலைக்குப் பின்னால் நின்று குமுதினி சமைத்தாள். சோற்றில் சீமெந்துத் தூசி கடிபடும். ஆரம்பத்தில் அழுதாள். பிறகு சண்டை பிடித்தாள். ஐந்தாவது வீட்டில் இரண்டும் நின்றுபோயின. பல்லுப் பிடுங்கப் போய் ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டுப் பார்த்தால் அது யாருடையதோபோல் இருக்குமே, அப்படித்தான் அவளுக்கு எல்லாம் இருந்தது. பெட்டிகளை அவிழ்ப்பதையும் நிறுத்திவிட்டாள். சட்டி பானைப் பெட்டி ஒன்று, உடுப்புப் பெட்டி இரண்டு, சாமிப் பெட்டி ஒன்று. மற்றப் பதினொரு பெட்டியும் நாலாவது வீட்டில் ஒட்டுநாடா ஒட்டினபடியே கிடந்தன.

எட்டாவது வீட்டைப் பார்க்கப் போனது மே மாதத்தில். ஹரோ என்ற ஊருக்கும் பின்னர் என்ற ஊருக்கும் நடுவில், மெற்றோபொலிற்றன் ரெயில் லைனுக்குக் கிட்ட, லார்ச் குளோஸ் என்று ஒரு சின்னத் தெரு. பதினெட்டே வீடுகள், 1961இல் கட்டினவை. தட்டைக் கூரை. முகப்பில் பலகை அடித்து, அதற்குமேல் ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் கண்ணாடி. வீட்டுக்கு வீடு வேலி இல்லை. ஒரே புல் எல்லா வாசலுக்கும் முன்னால் ஓடியது.

காரை நிற்பாட்டிவிட்டு ஜம்புநாதன் கேட்டார்: "இது ஆர் கட்டின வீடெண்டு தெரியுமே உமக்கு?"

"தெரியாது."

"ஒருத்தருக்கும் தெரியாது. அதுதானப்பா விசயம். இந்தமாதிரி வீடுகளிலை பேர்போன பில்டர் கட்டினது எண்டால் கறுப்புக் கண்ணாடி போட்ட டிசைனர்மார் வந்து விலையை ஏத்திப்போடுவினம். இவன் விற்கம் எண்டு ஒருத்தன், லோ எண்டு ஒருத்தன். ரெண்டுபேரும் சேந்து பதினெட்டு வீடு கட்டிப்போட்டுப் படுத்திட்டாங்கள். பேரில்லை. ஆனால் காணியைப் பாரும்."

"ம்."

"இந்தக் கூரையைத் தூக்கி எறிஞ்சுபோட்டு முக்கோணக் கூரை. மேலை ரெண்டு அறை. பின்னாலை ஆறு மீற்றர் இழுக்கலாம். முன்னாலை உந்தப் புல்லைக் கிளப்பிப்போட்டு மூண்டு கார் நிக்கக் கல்லுப் பதிப்பன். வெள்ளை பிளாஸ்ரிக் யன்னல் போட்டமெண்டால் ஒருத்தனும் கண்டுபிடிக்கமாட்டான்."

"எதை?"

"இந்த வீடுதான் அந்த வீடெண்டதை."

வீட்டுக்காரி மிசிஸ் பிறிச்சர்ட்டுக்கு எழுபத்தொன்பது வயது. புருசன் செத்து ஆறு வருடம். ஈஸ்ற்போர்னில் இருக்கும் தங்கையின் பக்கத்தில் பிளற் பார்த்திருந்தாள். ஜம்புநாதன் சுவர்களைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டு மேலே போய்விட்டார். குமுதினி முன் அறையில் நின்றாள். அறையும் குசினியும் ஒன்று. நடுவில் இடுப்பளவு அலுமாரி மட்டும். பின் கண்ணாடியால் வந்த வெயில் கோர்க் தரைமீது நீளமாகக் கிடந்தது. ஏணிபோலப் படிகள், படிகளுக்கிடையால் மறுபக்கம் தெரிந்தது.

"உங்களுக்குத் தேநீர்?" என்று மிசிஸ் பிறிச்சர்ட் கேட்டபோதுதான் தான் கதிரையில் இருப்பதைக் குமுதினி கவனித்தாள். இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஏழு வீடு பார்த்திருக்கிறாள், பார்க்கப் போன அன்று ஒன்றிலும் அவள் கதிரையில் இருந்ததில்லை. சந்தோசம் என்று ஒன்றும் வரவில்லை. கால் தானாக மடிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை அவள் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டாள்.

கடிதங்களைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஜம்புநாதனுக்கு ஜேர்மன் நல்லாய் வரும். இங்கிலீசில் சீமெந்து, மரம், மணல் எல்லாம் வரும். கடிதம் வராது. வீட்டுக்கு வரும் அத்தனை கடிதத்தையும் குமுதினிதான் வாசிப்பாள். கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டுக் கொடுப்பாள். "என்னவாம்?" என்று கேட்பார். "வழமையானதுதான்" என்பாள். புள்ளடிக்கு மேலே கையெழுத்து விழும். ஏழு வீடும் அப்படித்தான் வாங்கினது, அப்படித்தான் விற்றது.

விலை பேசி முடிந்து, ஜூலை முதற்கிழமை, பத்திர வேலை பார்க்கும் சொலிசிற்றர் கலாவதியிடமிருந்து கடிதம் வந்தது. குமுதினி குசினியில் நின்றபடி வாசித்தாள். ஒருதரம் வாசித்துவிட்டு அடுப்பைக் குறைத்து, மறுபடி வாசித்தாள்.

லார்ச் குளோஸ் வீடுகளுக்குப் பத்திரத்திலேயே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அந்த விற்கமும் லோவும் போட்டுவிட்டுப் போனது. கூரை, முகப்பு, யன்னல், பின்பக்கம், முன்புல் இவற்றில் எதைத் தொடுவதென்றாலும் பதினெட்டு வீட்டுக்காரரும் சேர்ந்த சங்கம் எழுத்தில் அனுமதி தரவேண்டும். நாற்பத்தாறு வருடத்தில் சங்கம் ஒருவருக்கும் அனுமதி தரவில்லை. தொட்டவர் இரண்டுபேரைக் கோர்ட்டுக்கு இழுத்துப் பழையபடி கட்டவைத்திருக்கிறது. "இது உங்கள் நோக்கத்துக்குப் பொருந்துமா என்று யோசியுங்கள். பதினாறாந் திகதி திங்கட்கிழமை இருவரும் நேரில் வாருங்கள், விளக்கமாகப் பேசுவோம்" என்று கலாவதி முடித்திருந்தாள்.

ஜம்புநாதன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"கடிதம் ஏதும்?"

"சொலிசிற்றரிட்டை இருந்து."

"என்னவாம்?"

"வழமையானதுதான். பதினாறாந் திகதி வரட்டாம்."

சொன்னபிறகுதான் தான் அப்படிச் சொன்னது அவளுக்கே தெரிந்தது. இனி என்ன செய்வதென்று அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. பதினாறாந் திகதி கலாவதி தமிழிலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். இவர் அந்த நிமிசமே வேண்டாமென்று எழும்பிவிடுவார். இங்கிலாந்துச் சட்டப்படி இரண்டு பக்கமும் பத்திரம் மாற்றிக்கொள்ளும்வரை யாரும் விலகலாம். அடுத்த கிழமை வேறெங்காவது ஒரு வீடு. உடைக்கக்கூடிய வீடு. பதினாறுக்கு முன்னம் இவரை இந்த வீட்டோடு கட்டிவிட்டால்தான் உண்டு. சட்டத்தால் கட்ட முடியாது. சட்டத்தைவிட இவர் எதற்குப் பயம் என்பது இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா?

"இஞ்சாருங்கோ," என்றாள் சோறு போடும்போது. "வீடு கைக்கு வாறது எப்ப?"

"ஓகஸ்ற் பத்து மட்டிலை."

"ஆடியெல்லே."

ஜம்புநாதனின் கை கோப்பையில் நின்றது. எட்மண்டன் வீட்டுக்கு ஆடியில்தான் குடிபோனார்கள். மூன்றாம் நாள் ஏணியால் விழுந்து கணுக்கால் முறிந்தது. இன்றைக்கும் குளிருக்குக் குத்தும்.

"ஆவணியிலை காய்ச்சுவம்."

"ஐயரைக் கேட்டனான். ஆவணி உங்கடை நட்சத்திரத்துக்குச் சரியில்லையாம். ஆனி கடைசி வெள்ளி நல்லதாம். ஒன்பது பத்திலை இருந்து பத்து பத்துக்குள்ளை."

"ஆனியிலை வீடு எங்கடையில்லையே."

"பால் காய்ச்ச வீடு எங்கடையா இருக்கவேணுமே? அந்த மனுசியைக் கேட்டால் அடுப்புத் தருவாதானே."

அவர் கொஞ்சநேரம் மென்றார். "சந்திரகுமார் அண்ணை செய்ததுமாதிரி ஆகாதே?"

பார்க்கிங்கில் இருக்கும் தமையன் சந்திரகுமாரின் கதையை அவர் நூறுதரம் சொல்லியிருப்பார். அண்ணை ஒரு வீட்டில் பால் காய்ச்சிப்போட்டுக் குடிபோகாமல், அதைவிட நல்ல வீடு வந்ததென்று மாறினவர். அந்த வருடமே பாரிசவாதம், இடக்கை போனது. டொக்டர் இரத்த அழுத்தம் என்றார். ஜம்புநாதனுக்கு அது பால்.

"அண்ணை குடிபோகேல்லை. நாங்கள் போறம்தானே," என்றாள் குமுதினி. "கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம் போடட்டே?"

மிசிஸ் பிறிச்சர்ட்டிடம் அவள் ரெலிபோனில் கேட்டாள்.

"பால் காய்ச்சவா? ஃபிரிட்ஜில் பால் இருக்கிறதே, அம்மா."

"நாங்கள் கொண்டுவருவோம். அது பொங்கி வழியவேண்டும்."

"வேண்டுமென்றேயா?"

"வேண்டுமென்றேதான்."

"என் அடுப்புமேலா?"

"நான் துடைத்துவிடுவேன்."

"வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாந் திகதி. எங்கள் ஆட்கள் அந்த நாளில் வெளியே இறங்கவே பயப்படுவார்கள், உங்களுக்குத் தைரியம்தான்," என்றாள் கிழவி. "வாருங்கள்."

வெள்ளி காலை ஒன்பதுக்கே போய்விட்டார்கள். ஜம்புநாதன் வேட்டி, திருநீறு. கையில் சாமிப்படம், தேங்காய், பால். பாலைக் கண்டதும் குமுதினி சொன்னாள்: "பச்சை மூடிப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்."

"பால்தானே?"

"பாதி ஆடை எடுத்த பால். நீல மூடியெல்லே வாங்கிறது. ஏழுதரம் காய்ச்சியாச்சு."

"ஏழுதரமும் நீர்தானே வாங்கினது."

அடுப்பு பழைய மின்சார அடுப்பு, சுருள் சிவக்கவே ஐந்து நிமிசம். ஒன்பது இருபதுக்குச் சட்டி ஏறியது. குமுதினி சட்டியைப் பிடித்து ஒரு பக்கம் சற்றுச் சரித்து, மேற்குக் கரைக்குக் கீழே ஒரு தேக்கரண்டிக் காம்பைச் செருகினாள். ஜம்புநாதன் சாமிப்படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. ஏழு வீட்டிலும் பார்த்ததில்லை. ஏழு வீட்டிலும் பால் கிழக்கே வழிந்தது தங்கள் அதிட்டம் என்றே அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பால் அசையவில்லை. ஒன்பது நாற்பது. மிசிஸ் பிறிச்சர்ட் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கிரிக்கெற் பார்ப்பதுபோல அடுப்பைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எங்கள் விதிகள் தெரியும்தானே?" என்றாள் சும்மா பேச்சுக்கு. "கூரையைத் தொடமுடியாது. மூன்றாம் நம்பரில் லோவே குடியிருந்தார், தெரியுமா? அவர் மனைவி ஒரு யன்னல் பெரிதாக்கக் கேட்டும் அவர் விடவில்லை."

ஜம்புநாதன் தலையை நிமிர்த்தினார். "ரூஃப் எண்டு சொன்னா. ரூஃபுக்கு என்னவாம்?"

"ஒழுகாதாம்," என்றாள் குமுதினி பாலைப் பார்த்தபடி.

"தட்டைக் கூரை எப்பிடி ஒழுகாமல் இருக்கும்? கேளும், எப்ப தார் போட்டதெண்டு."

"அவருக்குக் கூரை மிகவும் பிடித்திருக்கிறதாம்," என்று குமுதினி இங்கிலீசில் சொன்னாள்.

மிசிஸ் பிறிச்சர்ட் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேட்டியோடு நின்று கூரையை அண்ணாந்து முறைக்கும் ஜம்புநாதனைப் பார்த்தாள். அவள் புருசனும் ஒரு நாளும் கடிதம் திறக்காதவனோ என்னவோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சொல்லுறா?"

"நல்ல நாளாம்."

பத்து மணியானது. பத்து மூன்று. ஜம்புநாதனின் நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது. "பொங்கேல்லை எண்டால் விடுவம் குமுதினி. சகுனம் சரியில்லைப்போலை. இந்த வீடு வேண்டாம்."

அப்போதுதான் அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தட்டினது. பயம்தான். பயம் இன்னும் மிச்சமிருக்கிறதென்று அவள் நினைத்திருக்கவில்லை. அடுப்பைக் கடைசி எண்ணுக்குத் திருகினாள். போத்தலில் மிச்சமிருந்த பாலையும் விளிம்புமட்டும் ஊற்றினாள்.

"என்ன செய்யிறீர், ஆறிப்போகுமெல்லே?"

"கொஞ்சம் பொறுங்கோ."

மிசிஸ் பிறிச்சர்ட் எழும்பி வந்து, ஒன்றும் பேசாமல், திறந்திருந்த குசினி யன்னலைச் சாத்தினாள். "காற்று அடுப்பில் படுகிறது," என்றாள்.

பத்து எட்டுக்குக் கரையில் நுரை கட்டியது. பத்து ஒன்பதுக்கு எழும்பியது. கிழக்குப் பக்கத்தால் மெல்லிசாக ஒரு கோடு இறங்கிச் சுருளில் விழுந்து சீறியது.

"கிழக்கு," என்றார் ஜம்புநாதன். "பாத்தீரே, எட்டுக்கு எட்டு." கையெடுத்துக் கும்பிட்டார்.

பாலுக்குச் சீனி போட்டு மூன்றுபேரும் குடித்தார்கள். ஜம்புநாதன் வளவை அளக்க வெளியே போனார். குமுதினி கருகின பாலைக் கத்தியால் சுரண்டினாள்.

"கூரை விசயம் அவருக்குத் தெரியாது," என்றாள் மிசிஸ் பிறிச்சர்ட். கேள்வியாகச் சொல்லவில்லை.

"திங்கட்கிழமை சொலிசிற்றர் சொல்லுவா."

"அதற்குப் பிறகு அவர் வாங்குவாரா?"

"பால் காய்ச்சியாகிவிட்டது," என்றாள் குமுதினி.

திங்கட்கிழமை, ஹரோவில் சீலைக்கடைக்கு மேலேயுள்ள ஒஃபீசில், கலாவதி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ஜம்புநாதன் முதலில் சிரித்தார். பிறகு முன்னால் குனிந்தார். "கூரையும் ஏலாதோ?" என்றார். "பின்பக்கமும் ஏலாதோ? புல்லு? புல்லைக் கிளப்பவும் ஏலாதோ?"

"ஒண்டும் ஏலாது அண்ணை. யோசிக்காதேங்கோ, இன்னும் பத்திரம் மாறேல்லைத்தானே. சட்டப்படி நீங்கள் இப்பவே விலகலாம். நான் ஒரு ஃபக்ஸ் அடிச்சால் முடிஞ்சுது."

கீழே பஸ் போனது, யன்னல் அதிர்ந்தது.

"அண்ணை?"

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிப்போட்டன்," என்றார்.

"வாங்காத வீட்டிலையோ?"

"ஓம்."

கலாவதி குமுதினியைப் பார்த்தாள். குமுதினி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தாள்.

"சட்டப்படி அதுக்கு ஒரு பெறுமதியும் இல்லை அண்ணை."

"சட்டம் சரி தங்கச்சி," என்றார் ஜம்புநாதன். "அண்ணையின்ரை கையை நான் பாத்தனான்."

காரில் வரும்போது ரவுண்டபௌற் ஒன்றை இரண்டுதரம் சுற்றினார். மூன்றாந்தரம் தெருவோரம் நிற்பாட்டினார்.

"அந்தக் கடிதம். உதெல்லாம் அதிலை இருந்ததே?"

"இருந்தது."

"வாசிச்சனீரே?"

"வாசிச்சனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னால் வாங்கமாட்டியள்."

அவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். கத்துவார் என்று அவள் காத்திருந்தாள்.

"ஏழு வீடு," என்றார் கடைசியில். "ஒரு வீட்டிலையும் நீர் ஒண்டும் வேணுமெண்டு கேக்கேல்லையே."

"கேட்டனான். எட்மண்டனிலை கேட்டனான், பார்க்கிங்கிலை கேட்டனான். பிறகுதான் விட்டனான்."

"இந்த வீட்டிலை என்ன கிடக்குது?"

"உங்களாலை உடைக்கேலாது."

அவர் சிக்னல் போட்டார். "ஒரு வருசம்," என்றார். "வாற ஆனிக்கு விப்பன்."

"ஓம்," என்றாள் குமுதினி.

ஓகஸ்ற் பத்தாந் திகதி வீட்டுத் திறப்பு கைக்கு வந்தது. மிசிஸ் பிறிச்சர்ட் அந்த அடுப்பைத் துடைத்து மினுக்கிவிட்டுப் போயிருந்தாள். ஜம்புநாதன் ஒருமாதம் வீட்டுக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் படியில் ஏறி இறங்கினார். பிறகு வேறு ஆட்களின் வீடுகளை உடைக்கப் போனார். பின்னேரம் வந்து வாசலிலேயே தூசியைத் தட்டிவிட்டு உள்ளே வருவார். சொல்லி வைத்ததுபோல அடுத்த ஆனிக்கு விற்பனைப் பலகை நட்டார். சங்கம் வந்து, புல்லில் பலகை நடக்கூடாதென்று பிடுங்கிக் கையில் கொடுத்தது. அதற்குள் விலைகளும் விழத் தொடங்கியிருந்தன. பார்க்க வந்தவர்கள் கூரையைக் கேட்டார்கள், யன்னலைக் கேட்டார்கள், பத்திரத்தைக் கேட்டார்கள், போனார்கள். விற்கம், லோ என்ற பேரை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பதினொரு பெட்டியில் குமுதினி இதுவரை நாலு பெட்டி அவிழ்த்திருக்கிறாள். அவிழ்க்கும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கோப்பைகளைக் கழுவி அடுக்கினாள். கோசிகாவின் பள்ளிக்கூடப் படம் ஒன்று வந்தது, அதைச் சுவரில் மாட்டினாள். சுவரில் ஆணி அடிக்கச் சங்கத்திடம் கேட்கத் தேவையில்லை.

நேற்று மகள் எடுத்தாள்.

"அம்மா, இப்ப எந்த வீட்டிலை?"

"அதே வீட்டிலைதான் பிள்ளை."

"இன்னுமோ? அப்ப, ஆர் யூ ஹப்பி அம்மா?"

குமுதினி யோசித்தாள். பொய் சொல்ல மனமில்லை.

"தெரியேல்லை," என்றாள். "ஸ்விட்ச் எங்கை கிடக்கெண்டு கைக்குத் தெரியுது."